அட்டை இல்லாத பேட்டர்ன்

கம்பளி பின்னும் ஊசி ஒன்று என்னுடைய கேஜ் தட்டின் பத்தாம் பள்ளத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. ஊசியின் தலையிலும் பத்து என்றே பொறித்திருந்தது. இந்தப் பின்னல் பைத்தியம் எனக்குப் பிடித்தது அந்த நிமிடத்தில்தான்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். லாட்ஜ்களின் தண்ணீர் மோட்டார், ஹோட்டல் கிரைண்டர், வீட்டு மிக்ஸி எல்லாம் எரிந்துபோய் என்னிடம் வரும். கருகிய செம்புக் கம்பியைப் பிரித்தெடுத்துவிட்டு, அதே கனமுள்ள புதுக் கம்பியை அதே கணக்கில் சுற்றி உள்ளே இறக்க வேண்டும். கம்பியின் கனத்தைப் பார்க்க ஒரு வட்டமான இரும்புத் தட்டு உண்டு. அதன் விளிம்பைச் சுற்றிலும் சிறிதும் பெரிதுமாகப் பள்ளம் வெட்டி எண் போட்டிருக்கும். எந்தப் பள்ளத்தில் கம்பி இறுக்கமாக நுழைகிறதோ அதுதான் அதன் நம்பர். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். எங்களுக்குப் பழகிவிட்டது.

என் மனைவி ஒரு மிஷன் பள்ளியின் விடுதியில் துணிமணிகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு லீவில் அங்கே ஸ்டோர் ரூமை ஒழித்தார்கள். வேண்டாத சாமான்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். இவள் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெட்டிக்காகத்தான் கொண்டுவந்தாளே தவிர உள்ளே இருந்தவற்றுக்காக இல்லை. உள்ளே பின்னல் ஊசிகள், முழங்கை கிழிந்த ஒரு கருநீல ஸ்வெட்டர், இங்கிலீஷில் அச்சடித்த மெல்லிய பேட்டர்ன் புத்தகங்கள். எல்லாம் ரொம்பப் பழசு. அட்டைகளில் ஆண்கள் தலையை எண்ணெய் போட்டு வழித்துச் சீவி, வாயில் புகை பிடிக்கும் சுங்கானுடன் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பெட்டியக் கழுவி வைக்கணும். அதெல்லாம் எடுத்து எறிஞ்சிருங்க" என்றாள்.

வெளியே மழை. கடையில் சோலி இல்லை. ஊசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் சும்மா இருக்காமல் கேஜ் தட்டில் வைத்துப் பார்த்தேன். பத்து பத்தில் நுழைந்தது. பன்னிரண்டு பன்னிரண்டில் நுழைந்தது. இந்தக் காலத்து ஊசிகளுக்கு மில்லிமீட்டரில் அளவு போடுகிறார்கள், எண் கூடினால் ஊசி தடிக்கும். இந்தப் பழைய ஊசிகளோ எங்கள் கம்பி ஜாதி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் மனைவி சிரிப்பாள், ஆனால் உண்மை அதுதான். புத்தகத்தைத் திறந்தேன். அதிலும் எனக்குத் தெரிந்த பாஷைதான் இருந்தது. இத்தனை முன்னே, இத்தனை பின்னே, இந்த வரியை இத்தனை தடவை திரும்பச் செய், இங்கே இரண்டைக் குறை. காயில் கட்டும் கணக்குத்தான், கம்பிக்குப் பதில் நூல்.

மனைவி பள்ளியில் படித்தபோது அவர்களுக்குப் பின்னல் வகுப்பு இருந்திருக்கிறது. இரண்டே இரண்டு விதமான கண்ணிகள்தான், ஒன்று நூலைப் பின்னால் வைத்துப் போடுவது, மற்றது முன்னால் வைத்துப் போடுவது என்று காட்டிக்கொடுத்தாள்.

"ஒரு வாரத்துல விட்ருவீங்க பாருங்க" என்றாள்.

விடவில்லை. முதலில் ஒரு கையில்லாத புல்ஓவர் போட்டேன். புத்தகத்தில் இருந்தபடியே, ஒரு கண்ணிகூட மாற்றாமல். முடித்துப் போட்டுப் பார்த்தால் மார்பு சரியாக இருந்தது, நீளம் மட்டும் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. கீழே சட்டை பிதுங்கியது. கணக்கில் தப்பு விட்டேனோ என்று அளந்து பார்த்தேன். புத்தகம் சொன்ன நீளம் அப்படியே இருந்தது. அப்புறம் அட்டையிலிருந்த ஆளை உற்றுப் பார்த்தேன். அவன் பேன்ட்டை விலா எலும்பு வரைக்கும் ஏற்றிப் போட்டிருந்தான். நானும் என் பேன்ட்டை அப்படியே ஏற்றி பெல்ட்டைக் கட்டினேன். புல்ஓவர் கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது! உடுப்பை மட்டும் பின்னினால் போதாது, அந்தக் காலத்து இடுப்பும் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மனைவி மட்டும், "இதப் போட்டுக்கிட்டு என்கூட சர்ச்சுக்கு வந்துராதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஒற்றைத்தாள் கையில் சிக்கியது. ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து கழன்று விழுந்தது. அட்டை இல்லை, முதல் பக்கம் இல்லை. அதனால் என்ன உடுப்பு என்பதும் தெரியாது, படமும் கிடையாது. எத்தனை கண்ணியோடு தொடங்க வேண்டும் என்பதிலிருந்து தாள் ஆரம்பித்தது. பின்பக்கத்தில் தைத்து முடிக்கும் விதத்தைச் சொல்ல வருகிற இடத்தில் கிழிந்திருந்தது. தலையும் இல்லை, வாலும் இல்லை, நடு மட்டும்.

எரிந்த மோட்டார் வந்தால் அது எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று தெரியாமலேயே பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்து அப்படியே திருப்பிக் கட்டுவது எனக்குப் பழக்கம். இதையும் அப்படிப் பின்னிப் பார்த்தால் என்னவென்று தெரிந்துவிடாதா?

நூலுக்கு அந்தக் கிழிந்த கருநீல ஸ்வெட்டரைப் பிரித்தேன். சுத்தமான கம்பளி. ஒரு முனையை இழுத்துக் காயில் சுற்றும் மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், ஸ்வெட்டர் வரிவரியாகக் கரைந்துகொண்டே போகிறது. பார்க்க வேடிக்கையாக இருக்கும். பிரித்த நூல் சேமியா மாதிரி சுருண்டிருந்தது. நனைத்து, கொடியில் போட்டு, கீழே கனத்துக்கு ஒரு பழைய மோட்டார் ரோட்டரைக் கட்டித் தொங்கவிட்டேன். காய்ந்ததும் நேராகிவிட்டது.

கீழ்ப்பகுதி ஒரு கையகலத்தில் தொடங்கியது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு பக்கமும் கண்ணி கூடிக்கொண்டே போய்ச் சட்டென்று நல்ல அகலமாகிவிட்டது. அப்புறம் நேராகக் கொஞ்ச தூரம்.

"பையா இருக்கும்" என்றாள் மனைவி. "கீழ குறுகி மேல அகண்டா பைதானே. மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகலாம்."

"பைக்கு எதுக்கு இவ்வளவு நெருக்கமா பின்னச் சொல்லுது?"

"வெள்ளக்காரன் பையி. அப்படித்தான் இருக்கும்."

இன்னும் கொஞ்சம் போனதும் இடுப்பு மாதிரி உள்ளே வாங்கியது. மறுபடி அகண்டது. பை இல்லை என்று ஆயிற்று. பச்சைக் குழந்தையை உள்ளே வைத்துக் கட்டும் கம்பளிக் கூடாக இருக்கும் என்று நான் சொன்னேன். அகலத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன கழுதைக் குட்டிக்கா?" என்று கேட்டாள். மேலே போனதும் அக்குளுக்கு வளைவு வந்தது, தோளுக்கு இரண்டு பட்டை வந்தது, ஒரு பட்டைக்கு மட்டும் பித்தான் ஓட்டை. அப்படியென்றால் சமையல்காரர் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் என்று முடிவு செய்தோம். ஆனால் தாள் அதே மாதிரி இன்னொரு துண்டும் போடச் சொன்னது. முதுகுப் பக்கமும் ஏப்ரன் கட்டிக்கொண்டு யார் சமைப்பார்கள்? அதற்குப் பிறகு நீளமாக ஒரு பெல்ட். பெல்ட்டை நான் பின்னவில்லை. என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு பெல்ட் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மனைவி முதலில் கண்டுகொள்ளாமல்தான் இருந்தாள். துண்டு வளர வளர வேலைவிட்டு வந்ததும் நேராக என் ஊசியைத்தான் பார்க்க ஆரம்பித்தாள். "இன்னைக்கு எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்பாள். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பாள்.

என் கடைக்கு அடுத்த கடையில் ஒரு பெண் தையல் மெஷின் போட்டிருக்கிறார். பள்ளி யூனிபார்ம், ரவிக்கை எல்லாம் தைப்பார். சிலோன் எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பம், பேச்சில் அது இன்னும் கொஞ்சம் இருக்கும். இரண்டு துண்டுகளையும் அவரிடம் கொண்டுபோய், "இத எப்படிச் சேக்கிறதுன்னு பாத்துச் சொல்லும்மா" என்றேன்.

அவர் வெட்டுப் பலகையில் இரண்டையும் விரித்தார். தோளைத் தோளோடு வைத்தார். பக்கங்களைச் சேர்த்தார். அப்புறம் கீழே இருந்த அந்தக் கையகல முனைகளைப் பிடித்து ஒன்றோடு ஒன்றை வைத்தார். இரண்டு பக்கமும் பெரிய ஓட்டையாக விழுந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"ஐயோ அண்ணே!"

"என்னம்மா?"

"அக்காவ வரச் சொல்லுங்க. என்னால சொல்ல ஏலாது." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

மனைவிக்கு போன் போட்டேன். வேலை முடிந்து நேராக அங்கேயே வந்தாள். நான் என் கடை வாசலில் நிற்க, உள்ளே இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள், அப்புறம் ஒரே சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டே மனைவி வெளியே வந்தாள்.

"ஏங்க, நீங்க இவ்வளவு நாளா ஒக்காந்து பின்னுனது ஜட்டிங்க. ஜட்டியும் பனியனும் ஒண்ணாச் சேந்தது."

"அதுக்கு எதுக்கு பெல்ட்டு?"

அவளுக்கும் அது இடித்தது போலிருக்கிறது. போனை எடுத்துத் தேடினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை என்னிடம் நீட்டினாள். கடற்கரையில் நான்கைந்து ஆண்கள், தொடை வரைக்கும் ஒட்டிய கையில்லாத உடுப்பில், இடுப்பில் பெல்ட்டோடு நின்றார்கள். "குளிக்கிறதுக்குப் போடுறதாம். கம்பளில பின்னித்தான் போட்ருக்காங்க."

"கம்பளியிலயா? தண்ணிக்குள்ளயா?"

எங்கள் ஊரில் ஒரு ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டால் மழைக்காலத்தில் அது காய்வதற்குள் மனிதனுக்கு வெறுத்துவிடும். நனைந்த கம்பளி எப்படிக் கனக்கும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு எப்படி நீந்தியிருப்பான்? மூழ்கிவிட மாட்டானா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எழுந்தால் அதுதான், காயில் கட்டும்போதும் அதுதான். உடுப்பைத் தைத்து முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு டிரவுசருக்கு மேலே போட்டுப் பார்த்தேன். வயிற்றில் இறுக்கினாலும் நன்றாக விரிந்து கொடுத்தது.

"ஏரியில எறங்கி ஊரு சிரிக்க வச்சிராதீங்க" என்றாள் மனைவி.

"ஏரியில எதுக்கு? ஆயக்குடில கெணறு கெடக்கு."

ஆயக்குடி நான் பிறந்த ஊர். என் தங்கையும் மாப்பிள்ளையும் அங்கே கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறார்கள். தோப்புக்கு நடுவில் படி வைத்துக் கட்டிய பெரிய கிணறு. சின்ன வயதில் நான் குதித்து நீந்திய கிணறுதான். மலைக்கு வேலைக்கு வந்தபிறகு அதில் இறங்கியதே இல்லை. பொங்கல் லீவில் போனோம். பழனிக்குக் காவடியோடு நடந்துபோகிற கூட்டத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி பஸ் மெதுவாகத்தான் போனது. மடியில் பை, பைக்குள் அந்த உடுப்பு. யாராவது திறந்து பார்த்தால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் வெள்ளனே கிணற்றுக்குப் போய்விட்டோம். நல்ல மழை பெய்த வருஷம், தண்ணீர் மேல்படிகள் வரை நின்றது. பம்ப் ரூமுக்குள் போய் உடுப்பை மாட்டிக்கொண்டு, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு நாடாவைக் கட்டியிருந்தேன். துண்டை எடுத்ததும் மாப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மச்சான், மலையில எல்லாரும் இப்படித்தான் குளிக்கிறாகளா?"

"குளிக்க மாட்டோம்யா. அதான் இங்க வந்தேன்."

குதித்தேன்.

சொல்ல வேண்டியதை அப்படியே சொல்கிறேன். முதலில் எதுவும் ஆகவில்லை. உடம்பு நீச்சலை மறக்கவில்லை, கையும் காலும் தாமாகவே அடித்தன. கையும் காலும் குளிர்ந்தன, ஆனால் மார்பும் முதுகும் குளிரவில்லை. நூலுக்குள் புகுந்த தண்ணீர் என் உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது போலிருந்தது. அட, இதற்காகத்தானா என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது. "கதகதன்னு இருக்கு!" என்று கத்தினேன். கிணறு அதைத் திருப்பிச் சொன்னது. மூழ்கவும் இல்லை. தண்ணீருக்குள் கம்பளி கனக்கவே இல்லை.

கனம் எல்லாம் வெளியே வரும்போதுதான் தெரிந்தது. படியில் கால் வைத்து எழுந்ததும் தண்ணீரின் பாரம் மொத்தமும் உடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தது. நாடா பட்டென்று அறுந்தது. இடுப்பில் இருந்த பாகம் முழங்காலுக்கு வந்தது, கழுத்து தொப்புளுக்கு வந்தது. தோள்பட்டைகள் ரப்பர் மாதிரி நீண்டன. அந்தப் படத்திலிருந்தவர்கள் எதற்கு பெல்ட் கட்டினார்கள் என்று எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியிருக்க முடியாது. இரண்டு கையாலும் உடுப்பை அள்ளிப் பிடித்துக்கொண்டு படியில் நின்றேன். உள்ளே டிரவுசர் போட்டிருந்ததால் மானம் பிழைத்தது. தங்கை வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை துண்டை வீசினார், அது தண்ணீரில் போய் விழுந்தது.

மனைவி சிரிக்கவில்லை. மேல்படியில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

"அதான் சொன்னேனே, கதகதன்னு."

"உடுப்பக் கேக்கல. தண்ணிக்குள்ள முழுசா இருந்தா எப்படி இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். சுடுதண்ணீர் வைத்து, பக்கெட்டில் விளாவி, கப்பில் மொண்டு ஊற்றிக் குளித்துத்தான் பழக்கம். பாதி முதுகு நனையும்போது மீதி முதுகு குளிரும். ஏரியைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் போவாள், அதில் கால் நனைத்ததுகூட இல்லை. "தலையிலேருந்து கால்வரைக்கும் ஒரே நேரத்துல என் ஒடம்பு தண்ணியில இருந்ததே இல்லங்க" என்றாள். இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்கு இது தெரியாது. கேட்கத் தோன்றியதும் இல்லை.

"மதினி, எறங்குங்க. நாங்க இருக்கோம்ல" என்றாள் தங்கை. மாப்பிள்ளை, "நான் போயி கொய்யாவப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டார்.

தங்கையின் பழைய நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டு இறங்கினாள். நான் கம்பளியைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரவுசரோடு அவளுக்கு முன்னால் படியில் இறங்கி நின்றேன். ஒவ்வொரு படியிலும் நின்றாள். முழங்கால், இடுப்பு, மார்பு. கழுத்துக்குத் தண்ணீர் வந்ததும் மூச்சை உள்ளே இழுத்தாள், விடவே இல்லை.

"மூச்ச விடும்மா."

"விட்டா போயிருவேன்."

"போக மாட்ட. நான் புடிச்சிருக்கேன்."

அவள் முதுகுக்கடியில் கையை வைத்து மல்லாக்கப் படுக்கவைத்தேன். முதலில் கட்டை மாதிரி விறைத்திருந்தாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு இளகியது. காதுகள் தண்ணீருக்குள் போயின. மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். தங்கை ஏதோ சொன்னாள், இவளுக்குக் கேட்கவில்லை.

"நான் பேசுறது எனக்கு உள்ளேருந்து கேக்குதுங்க" என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக.

ரொம்ப நேரம் கழித்து, விரல்கள் சுருங்கிப்போன பிறகுதான் ஏறினாள்.

அந்தக் கம்பளி உடுப்பு அதற்குமேல் உடுப்பாகவே இல்லை. கயிற்றுக்கட்டிலில் விரித்துக் காயவைத்தும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் சுருங்கி நின்றுவிட்டது. கீழ்ப்பாதியைப் பிரித்துவிட்டு, மேல்பாதியை மார்கழிக் குளிரில் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்கிறேன். முதுகுக்கு இதமாக இருக்கிறது. கொடைக்கானல் குளிரில் யார் இப்படி ஒன்றைப் பின்னிக்கொண்டு எங்கே குளித்திருப்பார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் விசாரித்துப் பார்த்தாள் மனைவி. யாருக்கும் தெரியவில்லை. ஒருவேளை பெட்டிக்குச் சொந்தக்காரர் அதைப் பின்னாமலேயே வைத்திருந்திருக்கலாம்.

அடுத்த கடைத் தையல்காரப் பெண் மனைவிக்கு முழங்கை வரை கையும் முழங்கால் வரை காலும் வைத்து, விளையாட்டு உடுப்புத் துணியில் ஒரு குளியல் உடுப்பு தைத்துக் கொடுத்தார். முடித்துக் கொடுக்கும்போது, "எனக்கும் ஒண்ணு தைக்கட்டுமாக்கா? நானும் வாறேன்" என்று கேட்டிருக்கிறார்.

இப்போது ஆயக்குடிக்குப் போவதென்றால் மனைவிதான் எனக்கு முன்னால் பையைக் கட்டுகிறாள். போன தடவை தங்கை படியில் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தாள், நான் தண்ணீருக்குள் படியில் நின்றுகொண்டிருந்தேன். மனைவி என் கையை விட்டாள். நான் பிடிக்கப் போனேன்.

"இருங்க, தொடாதீங்க" என்றாள்.

தண்ணீரைக் கன்னாபின்னாவென்று அடித்துக்கொண்டு, மோவாயை மேலே தூக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கத்துப் பம்ப் குழாயை நோக்கிப் போனாள். போய்ச் சேர்ந்து, குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இப்ப எப்படித் திரும்பி வாறது?"